ஜான் ஃபவுல்ஸ்: புதிய வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பின்நவீனத்துவ நாவல் என்றாலே நல்ல வாசகர்கள்கூடச் சற்று ஒதுங்கிவிடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல் சிறுபத்திரிகைக் கட்டுரைகள் வழியாக, கோட்பாட்டின் சுமையோடு வந்து சேர்ந்தது அதற்கு ஒரு காரணம். கதையே இருக்காது, இருந்தாலும் புரியாது என்ற பயம் இன்னும் விலகவில்லை. அந்தப் பயத்தைப் போக்க ஒரே ஒரு எழுத்தாளரைக் கைகாட்டச் சொன்னால் நான் ஜான் ஃபவுல்ஸைத்தான் சொல்வேன். ஆள்கடத்தல், காணாமல்போன அரசியல்வாதி, ஊர் தூற்றும் பெண், மர்மத் தீவு என்று இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கவைக்கும் சரக்கு எல்லாம் அவரிடம் உண்டு. நாவல் என்ற வடிவத்தையே கேள்விக்குள்ளாக்கும் துணிச்சலும் அதே பக்கங்களில்தான் இருக்கிறது.

அவர் எழுதியவை ஆறு நாவல்கள், ஒரு கதைத்தொகுப்பு, சில கட்டுரை நூல்கள், நாட்குறிப்புகள். அவை வெளிவந்த வரிசையில் படிப்பது புதியவர்களுக்கு ஒத்துவராது. இரண்டாவதாக வந்த நாவலிலேயே பலர் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். கீழே சொல்லியிருப்பது வேறொரு வரிசை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1926 மார்ச் 31 அன்று எசெக்ஸ் மாவட்டத்தின் லீ-ஆன்-சீ என்ற கடலோரப் புறநகரில் பிறந்தார் ஃபவுல்ஸ். சுருட்டு வணிகக் குடும்பம். தந்தை ராபர்ட் முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்து மீண்டவர். ஒழுங்கு, மரியாதை, பக்கத்து வீட்டாரின் பார்வை ஆகியவற்றுக்குப் பயந்து நடக்கும் நடுத்தர வர்க்க வாழ்க்கை அது. இரண்டாம் உலகப் போரின்போது குடும்பம் டெவன் மாவட்டத்தின் இப்பிள்பென் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. வேலிகளும் காடுகளும் பறவைகளுமாக ஒரு தனி உலகம் அங்கே சிறுவனுக்குத் திறந்தது.

பெட்ஃபோர்ட் பள்ளியில் மாணவர் தலைவராக இருந்தார். பிறகு ராயல் மரீன்ஸ் படையில் பயிற்சி பெற்றார். அது முடிந்த நேரத்தில் ஐரோப்பாவில் போரும் முடிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் பிரெஞ்சு படித்தபோது சார்த்தரும் காம்யுவும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதன் தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற இருத்தலியச் சிந்தனை அன்றிலிருந்து அவரை விடவில்லை.

1950-ல் பட்டம் பெற்று பிரான்ஸின் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்பித்தார். 1951-ல் கிரேக்கத்தின் ஸ்பெட்சஸ் தீவில் இருந்த ஓர் உறைவிடப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராகப் போனார். அங்கே சக ஆசிரியர் ஒருவரின் மனைவியான எலிசபெத்தைச் சந்தித்தார். காதல், பிரிவு, குற்றவுணர்வு எல்லாம் கடந்து 1957-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். அவருடைய கைப்பிரதிகளின் முதல் வாசகர் எலிசபெத்தான். லண்டனில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவருக்கு 1963-ல் வந்த முதல் நாவல் பெயரையும் பணத்தையும் கொட்டிக் கொடுத்தது. வேலையை விட்டார். 1965-ல் டார்செட் மாவட்டத்தின் லைம் ரீஜிஸ் என்ற சின்னத் துறைமுக ஊருக்குக் குடிபோனார். சாகும்வரை அதுதான் அவர் ஊர்.

இன்னொரு செய்தி இந்த வழிகாட்டிக்கே ஆதாரமானது. சிறுவயதில் ஃபவுல்ஸ் வண்ணத்துப்பூச்சி பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைத்தவர். வளர்ந்தபின் அந்தப் பழக்கத்தையும் அதன் பின்னால் இருக்கும் மனத்தையும் அடியோடு வெறுத்தார். உயிருள்ள ஒன்றைப் பிடித்து, கொன்று, பெயர் எழுதி, என்னுடையது என்று சொல்லும் அந்த ஆசைக்கு எதிராகத்தான் அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார் என்பது என் வாசிப்பு. அவருடைய வடிவச் சோதனைகளும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. கதாபாத்திரத்தைப் பிடித்து ஊசி குத்தும் எழுத்தாளனாகத் தானே ஆகிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு இருந்தது.

படி 1: ஒரே மாலையில் ஒரு கதை

'தி எபனி டவர்' (1974) தொகுப்பை எடுங்கள். அதில் 'தி எனிக்மா' என்ற கதையை மட்டும் முதலில் படியுங்கள். 1973 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜான் மார்க்கஸ் ஃபீல்டிங் என்ற கன்சர்வேட்டிவ் நாடாளுமன்ற உறுப்பினர் காணாமல்போகிறார். பணம், குடும்பம், பதவி எதிலும் குறையில்லாதவர். கடைசியாக அவர் போன இடம் பிரிட்டிஷ் மியூசியம். கைப்பெட்டியை அங்கே ஒப்படைத்ததோடு தடம் அறுந்துவிடுகிறது.

முதல் பாதி அச்சு அசல் போலீஸ் அறிக்கை. சாட்சிகள், வங்கிக் கணக்கு, ஊகங்கள் என்று வறண்ட நடையில் போகிறது. பிறகு ஜென்னிங்ஸ் என்ற இளம் சார்ஜென்ட், ஃபீல்டிங்கின் மகனுடைய தோழி இசபெல்லைச் சந்திக்கிறார். எழுத்தில் ஆர்வமுள்ள அவள், நாம் எல்லோரும் ஒரு நாவலுக்குள் இருப்பதாக வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள் என்கிறாள். ஒரு கதாபாத்திரம் தன்னை எழுதுகிறவனிடமிருந்தே நழுவிப் போயிருந்தால்? வழக்கு அப்படியே நிற்க, கதை வேறு பாதையில் திரும்பிவிடுகிறது.

துப்பறியும் கதைக்கு விடை வேண்டும் என்று நாம் பிடிவாதமாக எதிர்பார்ப்போம். அந்த எதிர்பார்ப்பு கைநழுவும்போது எரிச்சல் வருகிறதா, இல்லை அதைவிட உயிருள்ள ஏதோ கிடைக்கிறதா என்று உங்களையே கவனியுங்கள். இரண்டாவது நடந்தால் நீங்கள் ஃபவுல்ஸுக்குத் தயார். தொகுப்பின் தலைப்புக் குறுநாவலை அடுத்து படிக்கலாம். பிரான்ஸின் பிரிட்டனி காட்டுக்குள் வாழும் முரட்டுக் கிழட்டு ஓவியன் பிரெஸ்லியையும், அவனைப் பேட்டி காணப்போகும் எச்சரிக்கையான இளைஞன் டேவிட்டையும் மறக்க முடியாது.

படி 2: 'தி கலெக்டர்' (1963)

ஃப்ரெடரிக் கிளெக் ஒரு குமாஸ்தா. வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவன். கால்பந்துப் பந்தயத்தில் பெருந்தொகை விழுகிறது. ஒதுக்குப்புறமான ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் நிலவறையில், தான் தூரத்திலிருந்து பார்த்து ஏங்கிய ஓவிய மாணவி மிராண்டாவைக் கடத்திக்கொண்டுவந்து அடைக்கிறான். அடிப்பதில்லை. கேட்ட புத்தகம், உடை, சாப்பாடு எல்லாம் வாங்கித் தருகிறான். வெளியே மட்டும் விடமாட்டான்.

நாவல் முதலில் கிளெக்கின் குரலில் ஓடுகிறது. பிறகு அதே நாட்கள் மிராண்டாவின் ரகசிய நாட்குறிப்பாக மறுபடி வருகின்றன. கதைதான் தெரிந்துவிட்டதே என்று அந்த நாட்குறிப்பைப் புரட்டித் தள்ளாதீர்கள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிளெக்கின் பக்கங்களில் அவள் அழகிய மாதிரிப்பொருள். தன் பக்கங்களில் அவள் இருபது வயதுப் பெண்ணுக்குரிய அகங்காரம், அவசரம், கனவு, வர்க்கத் திமிர் எல்லாம் கொண்ட மனுஷி. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்து நாயகியின் பெயரும் மிராண்டாதான். தன்னை அந்த நாடகத்துக் காதலன் ஃபெர்டினாண்ட் என்று சொல்லிக்கொள்ளும் கிளெக்கை அவள் அதே நாடகத்தின் அரைமிருகமான கலிபன் என்றே அழைக்கிறாள்.

முதல் வரைவைச் சில வாரங்களிலேயே எழுதிவிட்டாராம். அந்த வேகம் நடையில் தெரிகிறது. இரண்டே குரல்கள், ஒரே அறை, எளிய வாக்கியங்கள் என்பதால் ஆங்கில வாசிப்பில் தயக்கம் உள்ளவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் மனத்தை அழுத்தும் புத்தகம். தனிமையில், தூக்கம் வராத இரவில் வேண்டாம். வில்லியம் வைலர் 1965-ல் இதைப் படமாக்கினார். டெரன்ஸ் ஸ்டாம்பும் சமந்தா எகாரும் கான் விழாவில் நடிப்புக்கான விருதுகளை வாங்கினார்கள்.

படி 3: 'தி ஃபிரெஞ்ச் லெஃப்டினென்ட்ஸ் உமன்' (1969)

இப்போது பெரிய நாவலுக்கு வாருங்கள். ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

1966-ன் இலையுதிர்காலத்தில் அரைத்தூக்கத்தில் ஃபவுல்ஸுக்கு ஒரு காட்சி தோன்றியது. ஆளில்லாத துறைமுகச் சுவரின் முனையில் ஒரு பெண் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகம் தெரியவில்லை. அந்தக் காட்சி அவரை விடாமல் துரத்தியது. அவர் வாழ்ந்த லைம் ரீஜிஸில் அப்படி ஒரு சுவர் உண்மையிலேயே இருக்கிறது. காப் என்று அதற்குப் பெயர். கடலுக்குள் வளைந்து நீளும் பழைய கற்சுவர்.

கதை 1867-ல் நடக்கிறது. சார்லஸ் ஸ்மித்சன் முப்பத்திரண்டு வயதுக் கனவான், தொல்லுயிர்ப் படிமங்களைத் தேடும் பொழுதுபோக்கு விஞ்ஞானி, டார்வின் கட்சி. லண்டன் துணிக்கடைச் சீமானின் மகள் எர்னஸ்டீனாவோடு நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறது. காப் சுவரின் முனையில் நிற்கும் சாரா உட்ரஃபை அவன் பார்க்கிறான். பிரெஞ்சு மாலுமி ஒருவனிடம் ஏமாந்தவள் என்று ஊர் அவளைத் தூற்றுகிறது. திருமதி போல்ட்னி என்ற பக்திமான் புண்ணியம் சேர்ப்பதற்காக அவளை வீட்டில் வைத்திருக்கிறாள். போல்ட்னியைப் போன்ற பெண்மணிகளை நம் தெருக்களிலும் பார்த்திருப்பீர்கள்.

ஊருக்கு மேற்கே அண்டர்கிளிஃப் என்ற காடு இருக்கிறது. நிலச்சரிவுகள் உருவாக்கிய காடு. அவற்றில் மிகப் பெரியது 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது. சுத்தியலோடு அங்கே படிமம் தேடிப் போகும் சார்லஸ், ஒரு புல்மேட்டிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கீழே சாரா தூங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். சேகரிக்க வந்தவன் நிற்கிறான். சேகரிக்க முடியாத ஒருத்தி கண் விழிக்கிறாள். நாவல் முழுவதற்குமான முரண் இந்தக் காட்சியிலேயே வந்துவிடுகிறது.

இதே லைம் ரீஜிஸில்தான் மேரி ஆனிங் என்ற ஏழைப் பெண் பாறைகளிலிருந்து இக்தியோசார் எலும்புக்கூட்டை வெளியே எடுத்தார். அவர் வீடு இருந்த இடத்தில்தான் ஊர் அருங்காட்சியகம் நிற்கிறது. 1979 முதல் 1988 வரை அதன் காப்பாளராக இருந்தவர் ஃபவுல்ஸே.

பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மிரளாதீர்கள். பன்னிரண்டாவது அத்தியாயம் சாரா யார் என்ற கேள்வியோடு முடியும். அடுத்ததைத் திறந்தால் எழுத்தாளர் நேராக உங்கள் முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரியாது என்கிறார். இந்த மனிதர்கள் தன் கற்பனைதான் என்றும், ஆனாலும் தான் சொன்னபடி நடக்க மறுக்கிறார்கள் என்றும், பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் காலத்தில் வாழும் நாவலாசிரியன் விக்டோரியா காலத்தவர்போல எல்லாம் அறிந்த கடவுளாக இருக்க முடியாது என்றும் விளக்குகிறார். முதல்முறை படிப்பவர்களுக்கு மாயை கலைந்த ஏமாற்றம் வரும். பத்துப் பக்கம் பொறுங்கள். சாரா பொய்யென்று அவர் வாயாலேயே சொன்னபிறகும் அவள்மீதான தவிப்பு குறையாததைக் காண்பீர்கள். எழுத்தாளர் பிடியை விட்டபிறகு அவள் இன்னும் நிஜமாகிறாள்.

முடிவுகள் விஷயத்துக்கு வருவோம். முன்பே தெரிந்திருந்தாலும் நாவல் கெடாது என்பதால் சொல்கிறேன். நாற்பத்து நான்காம் அத்தியாயத்தில் நாவல் ஒருமுறை முடிந்துவிடும், சுபமாக, விக்டோரியா பாணியில். அது சார்லஸ் ரயிலில் கண்ட கற்பனை என்று அடுத்த அத்தியாயம் சொல்லிவிடும். ஐம்பத்தைந்தாம் அத்தியாயத்தில் இன்னொரு ரயில் பயணம். தூங்கும் சார்லஸின் எதிரே தாடிவைத்த ஒருவர் வந்து உட்கார்ந்து அவனையே உற்றுப் பார்க்கிறார். அவர்தான் எழுத்தாளர். இவனை என்ன செய்வது என்று யோசிக்கிறார். இரண்டு முடிவுகளைக் கொடுக்கலாம், ஆனால் எது கடைசியில் வருகிறதோ அதையே வாசகர் உண்மை என்று எடுத்துக்கொள்வார். ஆகவே ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். அறுபதாம் அத்தியாயத்தில் ஒரு முடிவு, அறுபத்தொன்றில் மற்றொன்று.

எது சரியான முடிவு என்று நண்பர்களோடு சண்டை போடுங்கள், அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார். எனக்குக் கடைசி முடிவுதான் நேர்மையானதாகப் படுகிறது. முதலாவதில் சாராவுக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதில் அவள் விளக்கத்துக்குள் அடங்காமலே இருக்கிறாள்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் டென்னிசன், ஹார்டி, மார்க்ஸ், டார்வின் போன்றோரின் மேற்கோள்கள் இருக்கும். முதல் வாசிப்பில் அவை தடுக்கினால் தாண்டிப் போங்கள். இரண்டாம் வாசிப்பில் அவற்றுக்கென்றே நேரம் ஒதுக்கலாம்.

படி 4: படத்தைப் பாருங்கள், ஆனால் பிறகு

கரேல் ரைஸ் இயக்கி 1981-ல் வந்த படத்துக்கு ஹெரால்ட் பின்டர் திரைக்கதை எழுதினார். கதையை நிறுத்திப் பேசும் எழுத்தாளரையும் இரட்டை முடிவையும் திரையில் எப்படிக் காட்டுவது? பின்டர் கண்ட வழி: அந்த நாவலைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கும் இரு நடிகர்களின் இன்றைய காதலையும் கூடவே ஓட்டுவது. ஒரு காலத்துக்கு ஒரு முடிவு, மற்றதற்கு இன்னொன்று. மெரில் ஸ்ட்ரீப், ஜெரமி அயர்ன்ஸ் இருவரும் இரட்டை வேடம். நாவலைப் படித்தபின் பார்த்தால்தான் பின்டர் எவ்வளவு பெரிய முடிச்சை அவிழ்த்திருக்கிறார் என்பது தெரியும். முதலில் படத்தைப் பார்த்துவிட்டால் சாராவுக்கு ஸ்ட்ரீப்பின் முகம் ஒட்டிக்கொள்ளும்.

படி 5: 'தி மேகஸ்' – சற்றுப் பொறுமையோடு

1965-ல் வெளிவந்தாலும் உண்மையில் ஃபவுல்ஸ் முதலில் எழுதத் தொடங்கிய நாவல் இதுதான். ஸ்பெட்சஸை விட்டு வந்த ஏக்கத்தில் ஆரம்பித்து, பத்தாண்டுக்கும் மேல் எழுதித் திருத்தினார். நிக்கலஸ் அர்ஃப் என்ற சுயநலக்கார இளைஞன், அலிசன் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைக் கைவிட்டுவிட்டு, ஃப்ராக்சோஸ் என்ற கிரேக்கத் தீவின் பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறான். தீவின் மறுகோடியில் கொன்கிஸ் என்ற பணக்காரக் கிழவர். அவர் வீட்டில் இறந்தவர்கள் நடமாடுகிறார்கள், பழைய போர்கள் மறுபடி நிகழ்கின்றன. எது நாடகம், எது நிஜம்? ஒவ்வொரு விளக்கமும் அடுத்த அத்தியாயத்தில் பொய்யாகிறது.

வாங்கும்போது ஃபவுல்ஸ் 1977-ல் திருத்தி வெளியிட்ட பதிப்புதானா என்று பாருங்கள். அதன் முன்னுரையும் முக்கியம். அலன்-ஃபூர்னியேயின் 'ல க்ரான் மோல்ன்' நாவல் தன்மீது செலுத்திய தாக்கத்தை அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

நீளம் அதிகம். நடுவில் ஒரு கட்டத்தில் விளையாட்டு அலுக்கும். ஆனால் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தீவில் நடந்ததாகக் கொன்கிஸ் சொல்லும் பகுதி, ஃபவுல்ஸ் எழுதியதிலேயே மிகக் கடுமையான, மிகச் சிறந்த பக்கங்கள். மனிதச் சுதந்திரம் என்ற பெரிய வார்த்தைக்கு என்ன விலை என்று அங்கே புரியும். 1968-ல் வந்த படத்துக்குத் திரைக்கதை ஃபவுல்ஸுடையது, நடித்தவர்கள் ஆண்டனி க்வின்னும் மைக்கேல் கெய்னும். அப்படியிருந்தும் தேறவில்லை. பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

ஒரு குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபவுல்ஸின் பெண்கள் பெரும்பாலும் புதிராக வந்து ஓர் ஆணைத் திருத்திவிட்டுப் போகிறார்கள் என்று பெண்ணிய விமர்சகர்கள் சொல்வது நியாயம். மேகஸில் அது துருத்திக்கொண்டு நிற்கும். சாராவைப் பற்றியும் அந்தக் கேள்வியை எழுப்பலாம். அவளுடைய உள்ளம் நமக்குக் கடைசிவரை திறக்கப்படுவதே இல்லை.

படி 6: 'தி ட்ரீ' (1979) என்ற சின்னப் புத்தகம்

நாவல்களுக்கு நடுவே மூச்சுவிட இது. லீ-ஆன்-சீயின் சிறிய தோட்டத்தில் தந்தை ஆப்பிள், பேரி மரங்களைக் கிளை கழித்து, வளைத்துக் கட்டி, நாள்தோறும் பராமரிப்பார். பழம் நிறைய, பரிசுக்குரிய தரத்தில். மகன் பிற்காலத்தில் லைம் ரீஜிஸில் காடாக வளரவிட்ட பெரிய தோட்டத்தைப் பார்த்துத் தந்தை திகைத்துப்போனார். இருவருக்கும் இடையிலான இந்தப் பிணக்கை வெறுப்பில்லாமல், தந்தையின் போர்க் காயங்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்.

அங்கிருந்து ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் போகிறார். உயிர்களுக்கெல்லாம் பெயர் சூட்டி வகைப்படுத்திய லின்னேயஸின் தோட்டம் அங்கே இருக்கிறது. பெயர் வைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பது ஃபவுல்ஸின் வாதம். 'தி கலெக்டர்' எழுதிய மனத்தை இங்கே வெட்டவெளியில் பார்க்கலாம். நாவலும் காடும் ஒன்றுதான், வழி தெரியாமல் நடப்பதில்தான் இரண்டின் பயனும் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

படி 7: மிச்சமிருப்பவை

'டேனியல் மார்ட்டின்' (1977) ஒரு திரைக்கதையாசிரியர் ஹாலிவுட்டிலிருந்து தன் கடந்தகாலத்துக்குத் திரும்பும் நீண்ட நாவல். போர்க்கால டெவன் வயலில் அறுவடை நடக்கும் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். இப்பிள்பென் நாட்கள் அதில் இருக்கின்றன. 'மான்டிஸா' (1982) ஓர் எழுத்தாளனும் அவனுடைய கலைத்தேவதையும் மருத்துவமனை அறையில் போடும் சண்டை. அதைத் தவிர்த்துவிடலாம்.

'எ மேகட்' (1985) வேறு ரகம். 1736-ல் குதிரையில் சிலர் போகிறார்கள். ஒருவன் காணாமல்போகிறான், ஒருவன் பிணமாகத் தொங்குகிறான். வழக்கறிஞர் அய்ஸ்கஃப் நடத்தும் விசாரணையே நாவல். கேள்வி, பதில், கேள்வி, பதில். இடையிடையே அக்காலத்து 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பக்கங்கள். ரெபெக்கா என்ற முன்னாள் விலைமாது குகைக்குள் கண்டதைச் சொல்கிறாள். வழக்கறிஞர் அதை ஒரு சட்டகத்துக்குள் அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. ஷேக்கர் சமயப் பிரிவைப் பின்னாளில் வழிநடத்திய ஆன் லீயின் பிறப்பில் நாவல் முடிகிறது. ஆன் லீ வரலாற்றில் உண்மையாகவே 1736-ல் பிறந்தவர், ஃபவுல்ஸோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் நாவலின் துணிச்சல் புரியும்.

1988-ல் ஃபவுல்ஸைப் பக்கவாதம் தாக்கியது. 1990-ல் எலிசபெத் புற்றுநோயால் இறந்தார். அதன்பின் நாவல் ஏதும் வெளிவரவில்லை. 1998-ல் மறுமணம், அதே ஆண்டு 'வார்ம்ஹோல்ஸ்' கட்டுரைத் தொகுப்பு. 2005 நவம்பர் 5-ல் மறைந்தார். சார்ல்ஸ் டிராசின் பதிப்பித்த நாட்குறிப்புகள் இரண்டு தொகுதிகள். அவற்றில் சக மனிதர்களைப் பற்றி அருவருக்கத்தக்க வரிகளும் உண்டு. நாவல்கள் எல்லாம் முடிந்தபின் படியுங்கள்.

இதன் பிறகு யாரைப் படிப்பது?

ஏ. எஸ். பயட்டின் 'பொசெஷன்'. 1990-ல் புக்கர் பரிசு பெற்ற நாவல். விக்டோரியா காலத்துக் காதல் ஒன்றை இன்றைய ஆய்வாளர்கள் துப்புத்துலக்குகிறார்கள். எல்லாம் அறிந்த கதைசொல்லியின் காலம் போய்விட்டது என்ற ஃபவுல்ஸின் வாதத்தை பயட் ஏற்கவில்லை. ஆவணம் எதிலும் பதிவாகாத, ஆய்வாளர்கள் ஒருபோதும் கண்டுபிடிக்கவே முடியாத ஒரு சந்திப்பைக் கடைசிப் பக்கங்களில் அந்தப் பழைய கதைசொல்லியின் குரலிலேயே வாசகருக்கு மட்டும் சொல்லிவிடுகிறார். ஃபவுல்ஸின் அறுபத்தொன்றாம் அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு உடனே அந்தப் பக்கங்களுக்குப் போங்கள்.